சேவலும் சுற்றமும்

கோழி வளர்ப்போர் பலர். கோழியின் இயல்பை உணர்ந்து வளர்ப்போர் சிலர். காலையில் கைப்பிடி அரிசியை வாசலில் இறைத்து, மாலையில் கூட்டின் கதவை அடைத்து, இடையில் முட்டையை எடுத்துக்கொள்வதோடு தம் கடமை முடிந்ததென எண்ணுவோரே மிகுதி. ஆனால், அந்தச் சிறு கொல்லைக்குள் ஒரு குடும்பமும் ஓர் அரசும் ஒருங்கே நடைபெறுகின்றன. யார் முதலில் உண்பது, யார் உயர்ந்த கழியில் உறங்குவது, யார் யாருக்கு வழிவிடுவது, ஆபத்து வருங்கால் யார் முன்னிற்பது என்னும் வினாக்களுக்கு அங்கே நாள்தோறும் விடை காணப்படுகிறது. அவ்விடைகள் செவ்வனே அமைந்தால் கொல்லையில் அமைதி நிலவும். அமையாவிடில் குருதி சிந்தும்.

மலேசிய மண்ணிற்குக் கோழி விருந்தாளி அன்று, உறவு எனலாம். உலகெங்கும் வளர்க்கப்படும் வீட்டுக்கோழிகளுக்கு முன்னோடியான சிவப்புக் காட்டுக்கோழி, தென்கிழக்காசியக் காடுகளைத் தாயகமாகக் கொண்டது. மலாய்க்காரர் 'ஆயாம் ஹூத்தான்' என அழைக்கும் அப்பறவையைச் செம்பனைத் தோட்டங்களின் ஓரங்களில் இன்றும் காணலாம். தாய்லாந்தில் பான் நோன் வாட் என்னும் பழைய குடியிருப்பில் கிடைத்த எலும்புகளே, வீட்டுக்கோழியினுடையவை என உறுதியாகக் கூறத்தக்கவற்றுள் மிகப் பழைமையானவை என்பது 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின் முடிவாகும். அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் கி.மு. 1250க்கும் இடைப்பட்டது. மனிதன் விளைவித்த நெல்லையும் தினையையும் நாடியே காட்டுக்கோழி அவனை அணுகியது என்பது அவ்வாய்வாளர்தம் கருத்து. மனிதன் கோழியைப் பிடித்து வந்தான் என்பதைவிடத் தானியம் அதனை அழைத்து வந்தது என்பதே பொருத்தமாகும். இவ்வளவு காலம் கழிந்தும், காட்டில் ஒரு தலைச்சேவலும் சில பெட்டைகளுமாகக் கூடி வாழ்ந்த அந்தப் பழைய வாழ்க்கை முறையைக் கோழி மறந்துவிடவில்லை.

தமிழர் வாழ்விலும் சேவலுக்குச் சிறப்பிடம் உண்டு. முருகனின் கொடியில் ஏறிய பறவை அது. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் 'கோழி' என்றே ஒரு பெயர் வழங்கியது. யானையை எதிர்த்து வென்ற கோழியின் கதை அவ்வூரோடு பிணைந்துள்ளது. விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில், போரிட்டு மாண்ட ஒரு சேவலுக்கு எடுக்கப்பட்ட நடுகல், ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. இவையாவும் சேவலின் போர்க்குணத்தைப் போற்றுவன. ஆயினும், களத்தில் போற்றத்தக்க குணம் கொல்லையிலும் போற்றத்தக்கதாகுமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. ஒரு சேவலை ஒருநாள் வியந்து பார்ப்பவர்க்கு அதன் வீரம் போதும். அதனோடு ஆண்டு முழுவதும் வாழ்பவர்க்கு வேறோர் அறிவு வேண்டும்.

அவ்வறிவு, தோட்டப்புறத் தமிழர்க்கு அயலானதன்று. லயத்து வீடுகளின் பின்புறத்தில், பழைய தகரமும் பலகையும் கொண்டு கட்டப்பட்ட கோழிக்கூடு இல்லாத குடும்பம் அரிதாக இருந்தது. சம்பளம் குறைந்த மாதத்தில் கைகொடுத்ததும், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு விலைபோனதும், விருந்தினர் வந்தபோது குழம்பானதும், முனியாண்டிக்கு நேர்ந்துவிடப்பட்டுத் திருவிழா நாள்வரை செம்மாந்து திரிந்ததும் அந்தக் கூட்டுக் கோழிகளே. பின்னர்த் தோட்டங்கள் பல கைமாறின, மரங்கள் வீழ்ந்தன, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். கோழிகள் பெரும்பாலும் பின்தங்கிவிட்டன. எங்கேனும் ஒரு துண்டு நிலம் வாய்த்தவர் மட்டும் அப்பழக்கத்தைக் கைவிடாது காத்தனர்.

அத்தகையோருள் ஒருவர், முப்பது ஆண்டுகள் மரம் சீவி ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி. மகனுடைய வீடு ஒரு சிற்றூரின் எல்லையில், மூன்று இனத்தாரும் கலந்து வாழும் வரிசையின் கடைக்கோடியில் அமைந்திருந்தமையால், பக்கத்தில் கொஞ்சம் நிலம் கிடைத்தது. அவருடைய கோழிக் கூட்டமும் அந்த வரிசையைப் போன்றே பல கைகளிலிருந்து வந்து சேர்ந்தது. தோட்டத்திலிருந்து கொண்டுவந்த கம்பத்துக் கோழிகளின் வழிவந்தவை ஒன்பது பெட்டைகளும் இரு சேவல்களும். மலாய் அண்டை வீட்டார் அன்போடு அளித்தவை ஒரு சோடிச் செராமாக்கள். கிளந்தானில் உருவாக்கப்பட்ட இச்சிற்றினக் கோழி அரைக் கிலோவுக்கும் குறைந்த எடையுடையது. மார்பை நிமிர்த்தி நிற்கும் அதன் செருக்கோ மலையளவு. காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீன முதியவர் கொடுத்தவை இரண்டு பட்டுக்கோழிகள்; பஞ்சு போன்ற வெண்ணிறகும் கறுத்த தோலும் உடையவை. மகன் சந்தையில் வாங்கி வந்தவை நான்கு வாத்துகள். அவற்றுள் ஒன்று ஆண். இத்தனை வகையும் ஒரு வேலிக்குள் வாழத் தொடங்கியபோதுதான் மூதாட்டியின் பழைய அறிவு சோதனைக்கு உள்ளாயிற்று.

கோழிக் கூட்டத்தில் ஒரு வரிசை உண்டு என்பதை உலகறியச் செய்தவர், நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே என்பவர். சிறுவனாக இருந்தபோதே தம் வீட்டுக் கோழிகளைக் கூர்ந்து நோக்கி, எது எதனைக் கொத்துகிறது, எது கொத்துப்பட்டும் திருப்பிக் கொத்தாமல் விலகுகிறது எனக் குறித்து வைத்தவர் அவர். அக்குறிப்புகள் வளர்ந்து 1921, 1922ஆம் ஆண்டுகளில் ஆய்வாக வெளிப்பட்டன. முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். இரண்டாவது, முதலாவதைத் தவிர ஏனையவற்றைக் கொத்தலாம். இவ்வாறே இறங்கி வந்து, கடைசிக் கோழி எல்லாவற்றாலும் கொத்தப்படும். கேட்பதற்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால், வரிசை உறுதிப்பட்ட பின்னர்க் கொத்துதல் குறைந்துவிடுகிறது என்பதே இங்கு உணரத்தக்கது. ஒரு பார்வை, கழுத்தின் ஒரு நிமிர்வு, அலகின் ஒரு சாய்வு ஆகியவையே போதும், தாழ்ந்தது விலகிக்கொள்ளும். வரிசை தெரியாத கூட்டத்தில்தான் ஒவ்வோர் அரிசி மணிக்கும் ஒரு போர் நிகழ்கிறது.

சேவல்களுக்கு ஒரு வரிசையும் பெட்டைகளுக்கு வேறொரு வரிசையும் உண்டு. தலைச்சேவல் என்னும் பதவி, அடித்து வென்றதனால் மட்டும் நிலைப்பதன்று. மூதாட்டியின் கூட்டத்தில் செவலைச் சேவல் தலைமை ஏற்றிருந்தது. புழுவோ கறையானோ அகப்பட்டால், அது தான் விழுங்குவதில்லை. தலையை மேலும் கீழும் அசைத்து, இரையை எடுப்பதும் விடுவதுமாக, 'கொக் கொக்' என விரைவாகக் குரல் எழுப்பும். பெட்டைகள் ஓடிவந்து உண்ணும். சேவல் பார்த்து நிற்கும். இதனைத் தாய்மை கலந்த தலைமை என்று சொன்னாலும் தவறில்லை. பெட்டைகள் இத்தகைய சேவலையே நாடுகின்றன என்பதால் இதில் சேவலுக்கும் பயன் உண்டு. பயன் கருதியதாயினும் கொடை கொடையே அன்றோ?

காவலும் அதன் கடமை. வானில் பருந்தின் நிழல் கண்டால், மெல்லிய நீண்ட கீச்சொலி ஒன்றை எழுப்பும். பெட்டைகள் வாழையடிக்கு ஓடிப் பதுங்கும். தரையில் நாயோ உடும்போ வந்தால் குரல் மாறிவிடும். 'கொக் கொக் கொக்' என உரத்து வெட்டி வெட்டி ஒலிக்கும். அப்போது பெட்டைகள் பதுங்குவதில்லை. கழுத்தை நீட்டிச் சுற்றிப் பார்க்கும். குரலைக் கேட்ட அளவிலேயே பகை வானிலா மண்ணிலா என அவை அறிந்துகொள்கின்றன என்பதை 1993ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு மெய்ப்பித்தது. அருகில் கேட்பதற்குப் பெட்டை இல்லையென்றால், சேவல் இக்குரலைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை என்பதும் கண்டறியப்பட்டது. ஆகவே, அது அச்சத்தால் எழும் வெற்றுக் கூச்சல் அன்று. சுற்றத்திற்கு விடுக்கும் செய்தி.

இத்தகைய தலைவன் இருந்தும் மூதாட்டியின் கொல்லையில் அமைதி குலைந்தது. பெட்டைகள் சிலவற்றின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் சிவந்து தெரிந்தது. பட்டுக்கோழி ஒன்றின் உச்சி கொத்துப்பட்டுப் புண்ணாயிற்று. கடைசி நிலையில் இருந்த கரும்பெட்டை, பகலெல்லாம் கூட்டின் மூலையைவிட்டு வெளிவராமல் மெலிந்தது. முட்டையும் குறைந்தது. அண்டை வீட்டார் "உங்கள் சேவல் பொல்லாதது" என்றனர். மூதாட்டி மட்டும் ஒரு முழுநாள், துவைகல்லின்மேல் அமர்ந்து, ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த பின்னரே அவருக்குக் குறை சேவலிடத்தில் மட்டும் இல்லை என்பது புலனாயிற்று.

முதற் குறை எண்ணிக்கை. பன்னிரண்டு பெட்டைகளுக்கு மூன்று சேவல்கள் இருந்தன. எட்டு முதல் பன்னிரண்டு பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்பதே கொல்லைக்குப் பொருந்தும் அளவு. சேவல் மிகுந்தால், தலைச்சேவல் பாராத வேளையில் மற்றவை பெட்டைகளைத் துரத்தும், விருப்பமான ஓரிரு பெட்டைகளே மீண்டும் மீண்டும் மிதிபடும், முதுகு வெறுமையாகும். இரண்டாவது குறை, தீனித் தட்டு ஒன்றே இருந்தமை. வலியது அதன் அருகில் நின்றுகொண்டால் மெலியது எங்கே உண்ணும்? மூன்றாவது, உறங்கும் கழி குட்டையாக இருந்தமை. ஒரு கோழிக்கு ஒரு சாண் இடமேனும் வேண்டும். அது கிடைக்காதபோது ஒவ்வோர் அந்தியும் சண்டையில் முடிந்தது. நான்காவது, ஓடி ஒளிய இடமில்லாத வெட்டவெளி. தோற்ற கோழி கண்ணுக்கு மறைவாகச் சென்றுவிட்டால், வென்றது அதனை மறந்துவிடும். மறைவில்லையேல், தோல்வி முடிவில்லாத தண்டனையாகிவிடும்.

குறை தெரிந்தபின் திருத்தம் கடினமாக இல்லை. தீனித் தட்டுகள் மூன்றாயின. ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதவாறு வீட்டின் மூலைகளில் வைக்கப்பட்டன. கழிகள் நீண்டன, எல்லாம் ஒரே உயரத்தில் அமைந்தமையால் உயர்ந்த இடத்திற்கான போட்டி ஒழிந்தது. பழைய கதவு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டது. உடைந்த நாற்காலியும் வாழைக்கன்றுகளும் மறைப்பாயின. நான்கைந்து பெட்டைகளுக்கு ஒன்று என முட்டைப் பெட்டிகள் மூன்று, இருண்ட பக்கமாக வைக்கப்பட்டன. பட்டுக்கோழிகளுக்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. அவற்றின் இறகு நீரைத் தடுக்காது. மழையில் நனைந்தால் நடுங்கும். அவை உயரப் பறந்து கழியேற மாட்டா. உச்சிக் கொண்டை இறகு கண்ணை மறைப்பதால், வரும் அடியைக் காணவும் மாட்டா. எனவே, கூரையடியில் தாழ்வான ஒரு பெட்டி அவற்றுக்கு அமைந்தது; கண்ணை மறைத்த இறகு கத்தரிக்கப்பட்டது. புண்பட்ட கோழிக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, புண் ஆறும்வரை தனியே வைத்தார் மூதாட்டி. குருதியின் சிவப்பைக் கண்டால் அமைதியான கோழியும் கொத்தத் தொடங்கும் என்பது அவர் இளமையிலேயே அறிந்த பாடம்.

செராமாச் சேவலின் செருக்கு ஒரு தனிக்கதை. தன்னைப்போல் ஐந்து மடங்கு எடையுள்ள செவலையை அது ஓயாது போருக்கு அழைத்தது. அளவறியா வீரம் அதற்கே ஆபத்தாகும் என உணர்ந்த மூதாட்டி, செராமாச் சோடியைக் கம்பி வலையால் பிரித்து, அடுத்த பகுதியில் குடிவைத்தார். சில நாள் வலையின் இருபுறமும் நின்று முறைத்த சேவல்கள், பின்னர்த் தத்தம் வேலையைப் பார்த்தன. சேர்ந்து வாழ்வது என்பது எப்போதும் ஒரே தட்டில் உண்பதன்று. சிலர்க்கு நடுவே ஒரு வேலி இருப்பதே நட்புக்கு நலம்.

வாத்துகளிடத்தும் விழிப்பு வேண்டும். ஆண் வாத்து கோழிப் பெட்டையை மிதிக்க முயன்றால், உடலமைப்பின் வேறுபாட்டால் பெட்டைக்குப் பெருந்தீங்கு நேரும். தன் இனத்தில் போதிய துணை இருக்கும் ஆண் வாத்து பெரும்பாலும் அயலே செல்லாது. மூதாட்டியின் மூன்று பெண் வாத்துகள் ஓரளவு போதுமாயிருந்தன. எனினும் இரவில் இரு கூட்டமும் தனித்தனியே அடைக்கப்பட்டன. வாத்து நீரைக் கலக்கிச் சேறாக்கும். ஈரத்தரையோ கோழிக்கு நோய் தரும். ஆகவே, தண்ணீர்த் தொட்டியும் இரண்டாயிற்று. மகன் வான்கோழியும் வாங்கலாம் என்றபோது அவர் மறுத்துவிட்டார். கோழியின் குடற்புழு வழியாகப் பரவும் ஒருவகை நோய், கோழியை அவ்வளவாக வருத்தாமல் வான்கோழியைக் கொன்றுவிடும். நோயின் பெயர் அவருக்குத் தெரியாது. தோட்டத்தில் வான்கோழிகள் மாண்டதை அவர் கண்டிருந்தார்.

புதியவற்றைச் சேர்ப்பதிலும் ஒரு முறை உண்டு. சந்தையில் வாங்கிய கோழியை அன்றே கூட்டத்தில் விடுவது இரு வகையில் தீது. முதலாவது நோய். வெள்ளைக்கழிச்சல் ஒரே வாரத்தில் ஒரு கொல்லையைக் காலியாக்க வல்லது. 2004ஆம் ஆண்டு கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டபோது ஆயிரக்கணக்கான பறவைகள் அழிக்கப்பட்டதை இந்நாட்டார் மறந்திரார். எனவே, இரண்டு முதல் நான்கு வாரங்கள் தொலைவில் தனியே வைத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டாவது, வரிசை. புதியது ஒன்று வந்தால் பழைய வரிசை முழுவதும் கலைந்து மீண்டும் அமைய வேண்டியிருக்கிறது. ஆதலின், முதலில் வலைக்கு அப்பால் வைத்துக் கண்பழக விட வேண்டும். பின்னர் ஓரிரவு, இருளில், பழையவற்றோடு கழியில் ஏற்றிவிட வேண்டும். ஒன்றைத் தனியே விடாமல் இரண்டு மூன்றாகச் சேர்ப்பது மேலும் நலம். விழும் அடி பகிர்ந்துகொள்ளப்படும்.

இவ்வாறு கொல்லை ஒழுங்குபட்டுவந்த வேளையில்தான், எளிதில் தீராத சிக்கல் ஒன்று எழுந்தது. ஐந்து வயதுப் பேத்தி, முட்டை எடுக்கப் பெட்டியருகே குனிந்தபோது, செவலைச் சேவல் பாய்ந்து அடித்தது. கால்முள் கன்னத்தைக் கிழித்தது. கண்ணுக்கும் காயத்திற்கும் இடையே ஒரு விரல் அகலமே இருந்தது. குழந்தைக்குத் தையல் போடப்பட்டது, ஊசி போடப்பட்டது. அன்றிரவு மகன், "அம்மா, இந்தச் சேவலை இன்னும் வைத்திருக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டான். மூதாட்டி உடனே விடை கூறவில்லை. முந்திய மாதம் உடும்பு ஒன்று குஞ்சுகளைத் தேடி வேலிக்குள் புகுந்தபோது, வால் இறகை இழந்தும் விலகாமல் நின்றது அதே சேவல். குஞ்சுகளைக் காத்த அந்தக் குணமும், குழந்தையை அடித்த இந்தக் குணமும் வேறு வேறல்ல என்பதே அவரை வருத்தியது.

சேவல் மனிதரைத் தாக்குவதற்குக் காரணங்கள் உண்டு. நான்கு முதல் ஆறு மாதத்தில் பருவம் எய்தும்போது உடலில் ஆண்மைச் சுரப்பு பெருகுகிறது. காண்பவரையெல்லாம் போட்டியாளராக எண்ணுகிறது. அடைகாக்கும் பெட்டையின் அருகே செல்பவரைப் பகைவராகக் கொள்கிறது. குஞ்சாக இருந்தபோது கையில் வைத்துக் கொஞ்சப்பட்ட சேவலும் சில வேளை மனிதரிடம் அச்சமின்றி வளர்ந்து, அவரையும் தன் வரிசையில் சேர்த்துக்கொள்கிறது. உதைப்பதும் கோலால் அடிப்பதும் தீர்வாகா. அவை அதனுடைய மொழியில் போருக்கு விடுக்கும் அழைப்பாகும். அஞ்சி ஓடுவதோ அதற்கு வெற்றி. பதறாமல் நிற்பது, அதன் வழியில் நிதானமாக நடப்பது, அது விலகும்வரை காத்திருப்பது, எடுத்துக் கக்கத்தில் அணைத்து அடங்கும்வரை வைத்திருப்பது ஆகியவையே பயன் தரத்தக்க முறைகள்.

மூதாட்டி இவை அனைத்தையும் செய்தார். முட்டைப் பெட்டிகளை இடம் மாற்றினார். பேத்தியை வேலிக்குள் விடவில்லை. முள்ளின் கூரை அரத்தால் மழுக்கினார். காலைதோறும் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே தீனி வைத்தார். இரண்டு வாரம் அது அடங்கியிருந்தது. பின்னர் ஒருநாள், மிஞ்சிய சோற்றைக் கோழிகளுக்குப் போட வந்த அண்டை வீட்டு மலாய் மூதாட்டியின்மீது பாய்ந்தது. அவர் கீழே விழுந்து மணிக்கட்டை ஊன்றிக்கொண்டார். "கோழிதானே, அதற்கென்ன தெரியும்?" என்று அவரே சிரித்தபடி எழுந்தார். அந்தப் பெருந்தன்மையே மூதாட்டியைச் சுட்டது. அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்கிறார் என்பது, அவர் பொறுக்குமாறு விட்டுவைப்பதற்குக் காரணமாகாது.

மறுநாள் அவர் முடிவு செய்தார். இத்தகைய சேவலை விற்கலாம். ஆனால், வாங்கும் வீட்டிலும் குழந்தை இருக்கும். சண்டைக்கு எடுத்துச் செல்பவர் நல்ல விலை தருவர். அதுவோ 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பது மட்டுமன்று, அவர் மனத்தாலும் தடுக்கப்பட்டது. மூர்க்கம் வழிவழியாகவும் வருமாதலால் அதன் முட்டைகளைக் குஞ்சு பொரிக்க வைப்பதும் தகாது. ஆகவே, அண்டை வீட்டு மலாய் முதியவரை அழைத்து, அவர் கையாலேயே அறுக்கச் செய்தார். அவ்வாறு அறுத்தால்தான் இரு வீட்டாரும் உண்ண இயலும். குழம்பு இரண்டு வீட்டிலும் கொதித்தது. மூதாட்டி அன்று இரசம் மட்டும் ஊற்றி உண்டார். அவரைக் கேட்பவர் எவருமில்லை. அவரும் ஒன்றும் கூறவில்லை.

தலைவனை இழந்த கூட்டம் என்னாகும் என மகன் அஞ்சினான். கூட்டத்தில் எஞ்சியிருந்தது சாம்பல் நிறச் சேவல் ஒன்றே. ஓராண்டாக அது கூவியதை எவரும் கேட்டதில்லை. ஒதுங்கியே நின்றது, ஒன்றுக்கும் உதவாதது என்றே எல்லாரும் எண்ணினர். தலைச்சேவல் நீங்கிய மூன்றாம் நாள், ஐந்து மணி இருளில், தடுமாறிய குரலில் அது கூவிற்று. இதில் வியப்பில்லை. ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, விடியலில் முதலில் கூவும் உரிமை தலைச்சேவலுக்கே உரியது. மற்றவை வரிசைப்படி காத்திருந்து கூவுகின்றன. தலைச்சேவலை அகற்றிவிட்டால் இரண்டாவது முதலாகிறது. சாம்பல் சேவல் குரலற்றதன்று, முறைக்காகக் காத்திருந்தது.

மேலும் ஒன்று வெளிப்பட்டது. தாழ்ந்த நிலைச் சேவல், தலைவன் தண்டிப்பான் என்னும் அச்சத்தால், இரையைக் காட்டிப் பெட்டையை அழைக்கும்போது குரலை அடக்கிக்கொண்டு தலையசைவால் மட்டும் அழைக்கும் என்பது ஆஸ்திரேலியாவின் மெக்குவாரிப் பல்கலைக்கழகத்தார் கண்ட உண்மை. மூதாட்டி வாழைமரத்தடியில் பலமுறை அந்த ஊமை அழைப்பைக் கண்டிருந்தார். பொருள் அப்போது விளங்கவில்லை. இப்போது சாம்பல் சேவல் வாய்விட்டு அழைத்தது. கரும்பெட்டையும் மூலையைவிட்டு வெளிவந்து, அதன் அருகில் நின்று கொத்தித் தின்றது. மனிதரைக் கண்டால் அது வழிவிட்டு ஒதுங்கும். பருந்தைக் கண்டால் குரல் கொடுக்கும். கொல்லைக்கு அவ்வளவே போதுமாயிருந்தது.

கூவலும் ஒரு சிக்கல்தான். இரவுப் பணி முடித்து உறங்கும் எதிர்வீட்டுச் சீன இளைஞர்க்கு ஐந்து மணிக் குரல் தொல்லையாயிற்று. வெளிச்சம் வந்த பின்னரே சேவல் கூவும் என்பது பலர் எண்ணம். அதன் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. விடியலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அது கூவத் தொடங்குகிறது என்பது 2013ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. ஏழு மணியளவில் கதிர் எழும் இந்நாட்டில் ஐந்து மணிக்குக் கூவுவது அதன் இயற்கை. இயற்கையைத் தடுக்க இயலாதாயினும் தணிக்க இயலும். கழுத்தை முழுதும் நிமிர்த்தினால்தான் உரத்த குரல் எழும். எனவே, இரவில் சேவலைத் தாழ்ந்த கூரையுள்ள, காற்றோட்டமான, வீட்டின் மறுபுறம் நோக்கிய பெட்டியில் அடைத்து, ஏழு மணிக்குத் திறந்துவிடுவது மூதாட்டியின் வழக்கமாயிற்று. மாதத்தில் ஒருமுறை பத்து முட்டைகளும் எதிர்வீட்டுக்குச் சென்றன. முட்டை கையூட்டன்று, தொல்லையில் பங்குகொள்பவர்க்குப் பயனிலும் பங்கு வேண்டும் என்னும் நேர்மை.

கோழிக் கூட்டத்தைக் கண்டு மனிதர் கற்கத்தக்கவை சில, கற்கத்தகாதவையும் சில. வலிமையால் வரிசை அமைத்து, கடைசியில் நிற்பதை எல்லாரும் கொத்தும் முறை மனிதர்க்கு ஆகாது. அதனை இயற்கை என்று கூறி ஏற்பவர், மனிதர்க்கென ஓர் அறம் இருப்பதை மறந்தவராவர். ஆனால், தட்டு ஒன்றாயின் சண்டை வரும், மூன்றாயின் தணியும் என்பதும், ஒதுங்க இடமில்லாதவிடத்தில் பகை முடிவதில்லை என்பதும், புதியவரைப் பழகவிட்டுச் சேர்க்க வேண்டும் என்பதும் கொல்லைக்கு மட்டும் உரியவை அல்ல. வகுப்பறைக்கும் அவை பொருந்தும்; ஒரு தெருவுக்கும் பொருந்தும்.

தலைமையைப் பற்றியும் சேவல் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. தன் அலகில் கிடைத்ததை விழுங்காமல் சுற்றத்தை அழைக்கும் வரையில் அது தலைவன். காக்கும் ஆர்வத்தில் பகைவர் யார், குழந்தை யார் எனப் பிரித்தறியும் தெளிவை இழந்துவிட்டால், அதன் வீரமே சுற்றத்திற்குத் தீங்காகிவிடும். அந்நிலையில் முடிவெடுக்கும் பொறுப்பு வளர்ப்பவரையே சாரும். அம்முடிவு மனத்துக்கு இனியதாக இராது. இனிதாக இல்லை என்பதற்காக அதனைத் தள்ளிப்போடுவதும் ஆகாது. நன்றியை மறவாமலும் நடுநிலை தவறாமலும் அதனைச் செய்ய வல்லவரிடத்தில்தான் பலவகை உயிர்களும் ஒரு வேலிக்குள் அச்சமின்றி வாழும்.